நாள் போடாத சீட்டு

போன மாதம் திவ்யா வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்த இயன்முறை மருத்துவர் அவள். உடற்பயிற்சி செய்யும்போது தசையிலிருந்து சில ஹார்மோன்கள் ரத்தத்தில் இறங்குகின்றன, அவற்றில் ஐரிசின் என்ற ஒன்று எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள் என்பது செய்தி. இதுவரை பெரும்பாலும் எலிகளிடம்தான் பார்த்திருக்கிறார்களாம். கீழே அவள், புதிதாக இரண்டு பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், இதை வைத்து அவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச முடியுமா மேடம் என்று கேட்டு, கும்பிடு போடும் படம் இரண்டு வைத்திருந்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் "மடக்குங்க, நீட்டுங்க, இன்னொரு தடவை" என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தவள். நான் சொன்னதற்கு இப்போது ரத்தத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு அலுப்புதான் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். பச்சையம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. வந்து பேச என்னால் ஆகாது, எழுதித் தருகிறேன் என்று பதில் போட்டேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் எலும்புகளின் பெயரையும் தசைகளின் பெயரையும் மனப்பாடம் செய்தேன். சில வருஷம் அங்கே இங்கே வேலை பார்த்துவிட்டு, ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். ஓர் அறை, ஒரு பெஞ்சு, சுவரில் கயிறு கோத்த ஒரு கப்பி, நடை பழக இரண்டு இரும்புக் கம்பிகள், துணிப்பையில் தைத்த மணல் மூட்டைகள். என் ராஜ்யம் அவ்வளவுதான். வருகிறவர்களுக்கு என் பதவியின் பெயர் வாயில் நுழையாததால் நான் 'எக்சர்சைஸ் அம்மா' ஆனேன். ஓய்வு பெற்று சந்தவாசலில் குடியிருக்கும் இப்போதும் பஸ் ஸ்டாண்டில் யாராவது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் எலும்பு டாக்டர். பெரிய டாக்டர் என்போம். அவர் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. எக்ஸ்ரே படத்தை வாங்கி, விளக்குப் பெட்டி இருந்தும் அதில் மாட்டாமல், ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். பேனா மூடியால் படத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதன் பிறகு மூன்று வார்த்தை சொல்வார். அந்த மூன்று வார்த்தையை நான் தமிழில் சீட்டில் எழுத வேண்டும். அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். பத்து வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றில்தான், படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்.

இப்போது அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிவாரத்து ஜனங்களிடம் ஒரு மாதம் ஓய்வு என்று சொன்னால் பத்தாம் நாள் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். படவேட்டுப் பக்கம் ஒருவர் மாவுக்கட்டோடு வண்டி ஓட்டிக்கொண்டு என் எதிரிலேயே போயிருக்கிறார். அதனால் நாங்களும் சந்தையில் விலை சொல்கிற மாதிரி ஏற்றிச் சொல்லப் பழகிவிட்டோம். மூன்று மாதம் ஓய்வு வேண்டுமென்றால் ஆறு மாதம் என்போம். ஆறு மாதம் வேண்டுமென்றால் இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது என்போம். அவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள், கணக்கு சரியாக வந்துவிடும். இதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் எல்லோரும் செய்தோம்.

பச்சையம்மா மலைமேலிருந்து வந்தாள். முப்பது வீடு இருக்கும் சின்ன ஊர். ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். புளி மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்கும்போது கால் வழுக்கி, மூட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே அவள் ஊரின் ஊர்க்கவுண்டர் வந்தார். அங்கே நல்லது கெட்டது எதுவானாலும் ஊரைக் கூட்டி முடிவு சொல்கிறவர் அவர். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார்.

பெரிய டாக்டர் படத்தை ஜன்னலுக்குப் பிடித்தார். தட்டினார். "மூணு மாசம். வெயிட் கூடாது, குனியக் கூடாது. அப்புறம் வரச் சொல்லுங்க" என்றார். நான் எழுதினேன்: எடை தூக்கக் கூடாது. குனியக் கூடாது. முழு ஓய்வு. மூன்று மாதம் என்று எழுதவில்லை. மறதியால் அல்ல. மூன்று மாதம் என்று எழுதினால் ஒரு மாதத்தில் மறுபடி மூட்டை தூக்குவாள் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். ஊர்க்கவுண்டரிடம், இனி இந்தம்மா ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது, நகர்த்தினால் படுத்த படுக்கைதான் என்று கண்ணை உருட்டிச் சொன்னேன்.

பச்சையம்மா பெஞ்சில் படுத்தபடியே கேட்டாள். "எத்தினி நாளைக்குங்க?"

"நான் சொல்ற வரைக்கும்."

"சும்மாவே குந்திகினு இருந்தா ஒடம்பு வேலைய மறந்துடுங்களே."

நான் சிரித்தேன். மறக்கட்டும், நல்லதுதான் என்றேன். ஊர்க்கவுண்டர் சீட்டை இரண்டாக மடித்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைப் பையில் வைத்துப் பையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அவள் வரவில்லை. நான் தேடவுமில்லை. வராதவர்கள் குணமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். எத்தனை பேரை அப்படி மனசுக்குள் குணப்படுத்தியிருக்கிறேனோ தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து ஆம்புலன்ஸில் வந்தாள். அடையாளமே தெரியவில்லை. வாசலில் காயப்போட்ட சாமையைக் கோழி கிளறியிருக்கிறது. அதை விரட்ட எழுந்திருக்கிறாள், கால் பின்னி உட்கார்ந்துவிட்டாள். விழுந்ததுகூட இல்லை, உட்கார்ந்ததுதான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பெரிய டாக்டர் படத்தை ஜன்னலுக்குப் பிடித்தார். அன்று பேனா மூடியால் தட்டவில்லை. இரண்டாவது முறையாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு படத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "இந்தம்மா வீட்டுல என்ன வேலை செய்யுது?" என்று கேட்டார்.

பதில் சொன்னது ஊர்க்கவுண்டர். பையிலிருந்து அந்தக் கவரை எடுத்தார். சீட்டு அன்று மடித்த மாதிரியே இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே வச்சிருந்தோங்க. ஒரு சொம்பு தண்ணி அவ கையால மொள்ள வுடல. ஊர கூட்டி கட்டுப்பாடு போட்டுட்டோம்."

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. நான் எழுதிய மூன்று வரியை அவர்கள் ஊர்க்கட்டுப்பாடாக ஆக்கியிருந்தார்கள். முப்பது வீடும் முறை வைத்துப் பச்சையம்மாவுக்குத் தண்ணீர் எடுத்தது. முறை வைத்துச் சாமை குத்திக் கொடுத்தது. அவளை வேலை செய்ய விடுகிற வீடு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை அவள் துடைப்பத்தை எடுத்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாளாம். நடுவில் ஒரு தடவைகூட ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்ற வரைக்கும்னு சொன்னீங்களே அம்மா. நீங்க ஒண்ணியும் சொல்லி அனுப்பலியே" என்றார். அதில் குத்தலே இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாங்கள் ஏற்றிச் சொன்னால் ஜனங்கள் பாதியாகக் குறைப்பார்கள் என்று நினைத்திருந்தோம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ஓர் ஊர் மலைமேல் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரிய டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். தான் கையெழுத்துப் போட்ட சீட்டை அவர் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "கையெழுத்து என்னுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி அறுவை சிகிச்சை ஆனது. நடை பழக்க எங்களிடமே திரும்பி வந்தாள். முதல் நாள் தொடையை டேப் வைத்து அளந்தேன். அளக்கவே தேவையிருக்கவில்லை, என் இரண்டு கையும் சுற்றி வந்து விரல்கள் தொட்டுக்கொண்டன. மலையில் ஏறி இறங்கிப் புளி மூட்டை தூக்கிய தொடை அது. தசை இழுத்தால்தான் எலும்புக்கு வேலை, இழுவை இல்லாத எலும்பு இளைத்துப்போகும் என்று அன்றைக்கு நாங்கள் படித்திருந்தோம். ஹார்மோன் கதையெல்லாம் எனக்குத் தெரியாது. நியாயமாகச் சொன்னால், அவள் எலும்பு முதலிலேயே பலவீனமாகத்தான் இருந்திருக்கும், இல்லாவிட்டால் முதுகெலும்பு நசுங்கியிருக்காது. மாதவிலக்கு நின்றது, சாப்பாடு, வயது எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் கொண்டுவரும். இந்தச் சமாதானத்தை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அது வேலை செய்யவில்லை.

முதல் வாரம் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அமுக்கி ஐந்து எண்ணும் வரை பிடிக்கச் சொன்னேன். பிறகு கட்டில் ஓரத்தில் உட்காருவது. பிறகு இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் நிற்பது. நின்ற முதல் நாள் அவள் கால் நடுங்கியதில் கம்பியும் கடகடவென்று ஆடியது. இதையெல்லாம் பொறுத்து என்னம்மா செய்யப் போறீங்க, என்ன ஆசை உங்களுக்கு என்று பேச்சுக்குக் கேட்டேன். மற்றவர்கள் கோயிலுக்குப் போகணும், பேத்தி கல்யாணத்துக்கு நிற்கணும் என்பார்கள்.

"என் வூட்டுக்கு நானே ஒரு கொடம் தண்ணி எடுத்தாந்தா போதுங்க" என்றாள்.

வாக்கரைப் பிடித்து நடக்கிற அளவுக்கு வந்ததும் வீட்டுக்கு அனுப்பினோம். இந்த முறை ஒரு மாதத்தில் நானே மேலே போனேன். வாக்கர் துடைத்துச் சுத்தமாகச் சுவரில் மாட்டியிருந்தது. பச்சையம்மா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள், அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ராணி ஓடி வந்து தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். நடக்கச் சொல்லித்தானே அனுப்பினேன் என்று ஊர்க்கவுண்டரிடம் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நடக்கச் சொன்னது ஆஸ்பத்திரிக்கு, ஊரில் கட்டுப்பாடு அப்படியேதான் இருக்கிறது, ஊர் கூடிப் போட்டதை ஊர் கூடித்தான் எடுக்க முடியும் என்றார்.

"உங்க சொல்ல வச்சிதான் போட்டோம். எடுக்கறதுக்கும் நீங்கதான் வந்து சொல்லணும்."

கீழே வந்து பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு புதுச் சீட்டை என் பக்கம் தள்ளினார். எந்த நாள் என்ன செய்யலாம், எத்தனை தடவை, எவ்வளவு எடை, எப்போது திரும்ப வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தார். வரிக்கு வரி தேதி கேட்டார். எழுதி முடித்ததும் முழுவதையும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "ஊருல கேட்டாங்கன்னா தப்பு டாக்டர் பேர்லன்னு சொல்லிடுங்க" என்றார். அந்த மனிதரிடம் பத்து வருஷமாக நான் பயந்திருந்தேன். அன்றோடு பயம் போய்விட்டது, மரியாதை வந்தது.

கூட்டம் காலையில், அவர்கள் கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில். முப்பது வீடும் வந்திருந்தது. பச்சையம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து ஓரமாக வைத்திருந்தார்கள். டாக்டர் பேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் மூன்று மாதம் என்றுதான் சொன்னார், நான்தான் எழுதவில்லை, நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்து ஏற்றிச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அரசு வேலையில் இருப்பவர்கள் பொது இடத்தில் சொல்லாத வாக்கியம் அது.

கூட்டத்திலிருந்து ராணி எழுந்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக இருந்தன அவள் குரலில்.

"ரெண்டு வருசமா நாங்க தூக்கின தண்ணி அவளுக்குக் கெடுதலாங்க?"

தண்ணீர் கெடுதல் இல்லை, நீங்கள் தூக்கியதும் கெடுதல் இல்லை, நான் சொன்ன சொல்தான் கெடுதல் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

கட்டிலிலிருந்து பச்சையம்மா கேட்டாள். "நான் அன்னிக்கே கேட்டேன் இல்லீங்களா?"

கேட்டாள். நான் சிரித்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஊர்க்கவுண்டர் புதுச் சீட்டை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். தேதிகளை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு பழைய கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டார். சீட்டில் இருக்கிற வேலையைப் பச்சையம்மா செய்யும்போது யாரும் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. எக்சர்சைஸ் அம்மா மாதம் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். என்னையும் சேர்த்துக் கட்டுப்பாடு போட்டுவிட்டார். மேலதிகாரி உத்தரவை மீறியிருக்கிறேன், இந்தக் கட்டுப்பாட்டை ஒரு மாதம்கூட மீறியதில்லை.

மாதாமாதம் போனேன். வீட்டு வாசலில் இருந்த கல்லில் உட்கார்ந்து எழுவது, பத்துத் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. கைக்கு ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலைச் சுற்றி வருவது. ராணி சொம்பையே பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தபடி நிற்பாள். அவளுக்குத்தான் பச்சையம்மாவைவிடக் கஷ்டமாக இருந்தது. கால்சியம் மாத்திரையும் ஊசியும் நடந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது. புளியந்தோப்புப் பக்கம் அவள் மறுபடி போகவே இல்லை. அந்த இரண்டு வருஷத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

புதிதாக வந்திருக்கும் இருவருக்கும் நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று. திவ்யா அனுப்பிய செய்தியில் ஹார்மோனின் பெயரை நான் இரண்டு நாளில் மறந்துவிட்டேன், திரும்பப் பார்த்துத்தான் மேலே எழுதினேன். மறக்காமல் இருந்தது 'கூடும்' என்ற சொல். எலும்பைக் காக்கக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களே அவ்வளவுதான் சொல்கிறார்கள். நாங்கள் ஒரு நாளும் யாரிடமும் 'கூடும்' என்று சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்த அளவைச் சொல்லுங்கள், எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். கேட்கிறவர் குறைத்துக்கொள்வாரா மாட்டாரா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஓய்வு பெற்ற மறுமாதம் கடைசியாக ஒரு தடவை அந்த ஊருக்குப் போனேன். பச்சையம்மா வீட்டில் இல்லை. குழாயடிக்குப் போயிருக்கிறாள் என்று ராணி சொன்னாள், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற கையில் தடியோடு, மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. குடத்தில் தண்ணீர் தளும்பிப் புடவை நனைந்திருந்தது. நாலு எட்டில் அவளிடம் போய், பழக்க தோஷத்தில் குடத்துக்குக் கையை நீட்டினேன். எனக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் குடத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வுடுங்க அம்மா. நீங்க தூக்கினீங்கன்னா மறுபடியும் ஊர கூட்டணும்."